கடலைப் புண்ணாக்கு போட்ட கத்தரிக்காய்

அக்கா பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைப் பிரட்டுவது, கொஞ்சம் அரிப்பது என்கிற ரகம் இல்லை. உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ரகம். அதனால் அக்கா வீட்டில் கடலை மிட்டாய் கிடையாது, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் கிடையாது, ஹோட்டல் சட்னியைத் தொடுவதே கிடையாது. சமீபத்தில் என் மாடித் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பை நிறையக் கொடுத்தனுப்பினேன். அன்று ராத்திரியே போன்.

"ஏண்டி, நீ செடிக்குக் கடலைப் புண்ணாக்குதானே போடுற? இந்தக் காயை இவனுக்குக் குடுக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இயற்கை உரம் என்று சொல்லிவிட்டாலே அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. பூச்சிமருந்து அடித்தாயா என்று கேட்பார்கள், யூரியா போட்டாயா என்று கேட்பார்கள். "புண்ணாக்கும் சாணமும்தான்" என்றதும் முகம் மலர்ந்துவிடும். ஆனால் மாடித் தோட்டக்காரர்களாகிய நாங்கள் செடிக்கு என்னென்ன ஊற்றுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கடலைப் புண்ணாக்கு, மீன் அமிலம், முட்டைக் கரைசல், பால் தயிர் நெய் சேர்ந்த பஞ்சகவ்யம், தேங்காய்ப் பாலும் மோரும் கலந்த தேமோர், இறால் ஓட்டுத் தூள், கடுகுப் புண்ணாக்கு. உணவு ஒவ்வாமைக்கு உலகம் முழுக்கப் போடுகிற பட்டியலில் பல எங்கள் மாடியில் வாளி வாளியாக இருக்கின்றன!

முதலில் புண்ணாக்கு. கடலையிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பங்கு புரதம்தான், நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல். அந்தப் புரதத்துக்குள்தான் தழைச்சத்து இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம் போலத் தழைச்சத்து என்று வேளாண் கையேடுகளில் போட்டிருப்பார்களே, அந்த ஏழு இதிலிருந்து வருவதுதான். ஒவ்வாமையைக் கிளப்புவதும் இதே புரதம்தான். ஆக, செடிக்கு எது சத்தோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு எமன். இரண்டும் வேறு வேறு பொருளாக இருந்தால் ஒன்றைப் பிரித்து எடுத்துவிட்டு மற்றதைப் போடலாம். இங்கே அதற்கு வழி இல்லை.

சரி, அந்தப் புரதம் வேர் வழியாக ஏறிக் காய்க்குள் வந்து உட்காருமா?

மண்ணில் போட்ட புண்ணாக்கைச் செடி அப்படியே தின்பதில்லை. அதற்கு முன்னால் பந்தியில் உட்காருவது பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். அவை நொதிகளைக் கக்கிப் புரதத்தைத் துண்டு துண்டாக்கி, அமினோ அமிலமாக்கி, அம்மோனியமாக்கி, கடைசியில் நைட்ரேட்டாக்கி விடுகின்றன. வேர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது கடைசி இரண்டையும்தான். கொஞ்சம் அமினோ அமிலத்தையும் எடுக்கும். நைட்ரேட்டாக மாறிய பிறகு அது கடலையிலிருந்து வந்ததா, யூரியாவிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி உட்பட. அங்கிருந்து செடி தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கத்தரிக்காயில் இருப்பது கத்தரிப் புரதம்தான்.

இதில் ஒரு சின்ன மடிப்பு உண்டு. 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நுண்ணுயிரே இல்லாத சூழலில் செடிகளை வளர்த்து, வேர்கள் முழுப் புரதத்தைக்கூட உள்ளே இழுக்க முடியும் என்று காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, எல்லாம் காய்க்குள் வரும்" என்று கிளம்பிவிடக் கூடாது. அவர்கள் பார்த்தது வேருக்குள் நுழைவதை. செடி அதைத் தனக்குத் தழைச்சத்தாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன சேதியே. வேர்த்தோல் வரை வந்தது சிதையாமல் தண்டு ஏறிக் காய்க்குள் குடியேறுவது வேறு சங்கதி. அதுவும் நம் தொட்டி மண்ணில் ஒரு கைப்பிடிக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள் பசியோடு காத்திருக்கும்போது, முழுசாக எது மிஞ்சும்?

அதனால் அக்காவுக்கு என் முதல் பதில்: காய்க்குள் பயமில்லை.

அடுத்ததாக நான் சொன்னதுதான் அவளுக்கு ரசிக்கவில்லை. பயப்பட வேண்டியது காயை அல்ல, என்னை.

புண்ணாக்குக் கட்டியை எப்படித் தூளாக்குகிறோம்? உரலும் உலக்கையும் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, பழைய மிக்ஸி ஜாரில் போட்டு ஒரு சுற்று. அந்தப் "பழைய" ஜார் பல வீடுகளில் அவசரத்துக்கு மிளகாய் அரைக்கிற ஜாரும்தான். மூடியைத் திறந்ததும் வெளிர் பழுப்பில் ஒரு தூசி மெல்ல எழும்பி மேடையில் படியும். ரப்பர் வாஷருக்கு அடியிலும் பிளேடின் கழுத்திலும் அந்தத் தூள் ஈரத்தோடு அப்பிக்கொண்டால் பல் குத்துகிற குச்சியால் நோண்டினால்தான் வரும். அடுத்த நாள் அதே ஜாரில் தேங்காய் சட்னி. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மில்லிகிராம் கணக்கே போதும் என்கிறபோது, இந்த ஒரு ஜார் முழுக் கத்தரித் தோட்டத்தை விட ஆபத்து.

அப்புறம் கை. புண்ணாக்குத் தண்ணீரைக் கலக்கிய கையோடு காயைப் பறிக்கிறோம். பறித்ததைப் புண்ணாக்கு வந்த கோணிப்பை மேலேயே கொட்டி வைக்கிறோம். கையைக் கழுவினேனே என்றால், எதைக் கொண்டு கழுவினீர்கள் என்று கேட்பேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கையில் கடலை வெண்ணெயைத் தடவிவிட்டு விதவிதமாகக் கழுவ வைத்துப் பார்த்தது அது. சோப்பு போட்டுக் கழுவிய கைகளிலும் ஈரத்துடைப்பானால் துடைத்த கைகளிலும் கடலைப் புரதம் மிஞ்சவில்லை. வெறும் தண்ணீரில் கழுவியவர்கள், சானிடைசர் தடவியவர்கள் சிலரின் கையில் மிஞ்சியிருந்தது. சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், புரதத்தைத் துடைத்து எடுக்காது. கொரோனாவுக்குப் பிறகு மாடிப்படியில் ஒரு சானிடைசர் பாட்டிலை வைத்துக்கொண்டு, அதைத் தடவினால் எல்லாம் சுத்தம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வேரில் ஊற்றுவதைப் பற்றி நான் இவ்வளவு நிம்மதியாகப் பேசுகிறேன். இலையில் தெளிப்பதைப் பற்றி அப்படிப் பேச மாட்டேன்.

மீன் அமிலம் செய்கிறவர்களுக்குத் தெரியும்: மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வைத்து மூன்று வாரத்துக்கு மேல் விட்டால் தேன் பதத்தில் ஒரு கரைசல் வரும். முட்டைக் கரைசலுக்கு முழு முட்டையை எலுமிச்சைச் சாற்றில் மூழ்க வைத்து, ஓடு கரைந்ததும் வெல்லம் போட்டுக் கலக்கி, இன்னும் பத்து நாள். தேமோர், அரப்பு மோர் எல்லாம் பூக்கிற நேரத்தில் தெளிப்பது. பஞ்சகவ்யத்தை வேருக்கும் விடலாம், இலைக்கும் தெளிக்கலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பரப்பிய காலத்திலிருந்தே பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி என்பது தோட்டக்காரர்களுக்கு மனப்பாடம். இவற்றின் பலன் பற்றி எனக்குச் சண்டை கிடையாது. நானே தேமோர் தெளிக்கிறேன், பூ உதிர்வது குறைகிறது என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் இலை மேல் மண் கிடையாது. மண்ணில் இருக்கிற அந்தப் பந்தி அங்கே இல்லை. நுரைத்துப் புளித்ததில் புரதம் ஓரளவு சிதைந்திருக்கும், முழுக்கச் சிதைந்தது என்று எந்த வாளியைக் காட்டியும் சத்தியம் செய்ய முடியாது. மீனில் ஒவ்வாமை தருகிற பார்வால்புமின் சூட்டுக்கும் லேசில் மசியாத புரதம். இறால் ஓட்டில் ஒட்டியிருக்கிற ட்ரோபோமயோசினும் அப்படித்தான். பாலில் கேசீன், முட்டை வெள்ளையில் ஓவோமியூக்காய்டு, கடலையில் இருப்பவை, எல்லாமே கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாத பேர்வழிகள். சமையலறையில் நமக்குப் பழகிய தர்க்கம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. கிருமி என்றால், "எப்படியும் வேக வைக்கத்தானே போறோம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வாமைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. தேய்த்துக் கழுவி இலையிலிருந்து இறக்குவது ஒன்றுதான் வழி.

கத்தரிக்காய், வெண்டைக்காய், சுரைக்காய் இவற்றைக் கழுவிவிடலாம். மடிப்பில்லாத தோல், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் போதும். கீரைதான் தகராறு. முளைக்கீரையின் மடிப்பு மடிப்பான இலையில் தெளித்த மீன் அமிலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டார்? என் யோசனை எளிது: வீட்டில் ஒவ்வாமைக்காரர் இருந்தால், எது அவருக்கு ஆகாதோ அதைக் கீரை மேல் தெளிக்கவே கூடாது. மீன் ஆகாதவர் வீட்டில் மீன் அமிலம் வேருக்கு மட்டும். பால் ஆகாத குழந்தை இருக்கிற வீட்டில் தேமோரும் அரப்பு மோரும் காய்ச்செடியோடு நிற்கட்டும், கீரைப் பாத்திப் பக்கம் வர வேண்டாம். கீரைக்கு மண்புழு உரமும் இலை மக்கும் போதும். நன்றாக மக்கிய எதையும் நான் சந்தேகிப்பதில்லை; முட்டை ஓடு, சமையலறைக் கழிவு எதுவாக இருந்தாலும், கருத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனை வந்துவிட்டால் அது மண்தான்.

கீரை என்றதும் கொத்தமல்லி ஞாபகம் வருகிறது. ஒவ்வாமையை விட்டு ஒரு நிமிஷம் நகர்கிறேன், ஏனென்றால் இதில் அடிபடுகிறவர்கள் அதிகம். ரசத்தை இறக்கியபின் மேலே தூவுகிறோமே, அந்தக் கொத்தமல்லி வேகுவதே இல்லை. புதினாத் துவையலும் பல வீட்டில் பச்சையாக அரைப்பதுதான். இவற்றின் மேல் சாணக் கரைசலைத் தெளிப்பது சரியே இல்லை. 1992-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சொந்தத் தோட்டத்துக்குத் தன் மாட்டுச் சாணத்தையே போட்டுக் காய்கறி வளர்த்த ஒரு சைவக்காரப் பெண்மணிக்கு ஈ.கோலை ஓ157 கிருமி தொற்றி, அது மற்றவர்களுக்கும் பரவியது. மருத்துவ இதழான லான்செட் அதை மறு வருஷம் வெளியிட்டது. அந்த நாட்டு இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொடுகிற விளைச்சலுக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும், மண்ணைத் தொடாததற்கு 90 நாள். கொத்தமல்லி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் தட்டுக்கு வந்துவிடும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். பச்சைச் சாணத்தை மக்க விடுங்கள், அவ்வளவுதான்.

அக்காவிடம் திரும்பி வருகிறேன். அவள் அடுத்துக் கேட்டது: "போன தடவை கத்தரிக்காய் தின்னப்போ வாயெல்லாம் அரிக்குதுன்னானே, அது உன் புண்ணாக்கு வேலையா?"

அது கத்தரிக்காய் வேலை. கத்தரிக்காய் வாயை அரிக்கிறது என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் எவ்வளவு பேர்! மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இதை எடுத்து ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். 741 பேரைப் பார்த்ததில் பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் கத்தரியிடம் ஏதோ ஓர் உணர்திறன் இருந்தது, பெண்களிடம் கூடுதலாக. ஆனால் உண்மையான ஒவ்வாமை என்று உறுதிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. கத்தரியிலேயே ஹிஸ்டமின் போன்ற சங்கதிகள் இருப்பதால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் அரிக்கலாம். சேனைக்கிழங்கு அரிப்பது இன்னும் வேறு கதை, அது கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்துவது. அதற்குத்தான் பாட்டி புளி போட்டு வேக வைத்தாள். இவற்றை எல்லாம் உரத்தின் தலையில் கட்டினால், உரம் உண்மையிலேயே காரணமாக இருக்கிற இடத்தைக் கோட்டை விட்டுவிடுவோம்.

உணவு ஒவ்வாமை நம் ஊரில் அபூர்வம் என்பதும் உண்மைதான். ஐரோப்பிய ஆய்வாளர்களோடு சேர்ந்து கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணித்தது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத்தான். அதனாலேயே அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் படுகிற பாட்டை யாரும் நம்புவதில்லை. "நாங்கல்லாம் கடலை தின்னுதானே வளர்ந்தோம்" என்று அக்காவிடம் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அதில் ஒரு பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "பையனைத் தோட்டத்துல விடு, புண்ணாக்கைக் கையால அளையட்டும், தன்னால பழகிடும்" என்றார்.

இது தப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அவர் பாதியைச் சரியாகக் கேள்விப்பட்டிருக்கிறார். லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட லீப் ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே கடலையை உணவாகக் கொடுத்து வந்ததில் பின்னாளில் கடலை ஒவ்வாமை மிகக் குறைந்தது. ஆனால் அது வாய் வழியாக, ஒவ்வாமை வருவதற்கு முன்னால், மருத்துவர் கண்பார்வையில். தோல் வழியாகப் போவதற்கு நேர்மாறான விளைவு என்பதுதான் அதே லாக் முன்பிருந்தே சொல்லி வந்த கருத்து. கரப்பான் வந்து வெடித்த தோலில் கடலைத் தூசி படுவது, ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கும் ஒவ்வாமையைக் கொண்டுவரக்கூடும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளையைப் புண்ணாக்கு அளைய விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியப்பாவிடம் இதை எல்லாம் விளக்க முடியாது. "டாக்டர் வேண்டாம்னுட்டார் பெரியப்பா" என்றதும் விட்டுவிட்டார்.

அப்போ எதைத்தான் போடுவது என்றால், கடலை ஆகாத வீட்டுக்கு வேப்பம் புண்ணாக்கு நல்ல மாற்று. தழைச்சத்து கொஞ்சம் குறைவு, ஐந்து சதவீதம் போல. நூற்புழுவை வேறு அடக்கும். யாரும் மறந்தும் வாயில் வைக்க மாட்டார்கள், அவ்வளவு கசப்பு. சிலர் "கடலை வேண்டாம்னா ஆமணக்குப் புண்ணாக்கு போடு" என்பார்கள். அதற்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆமணக்குக் கொட்டையில் ரைசின் என்கிற கொடிய விஷம் இருக்கிறது, அது எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கும். சூடேற்றினால் ரைசின் செயலிழக்கும். ஆனால் ஆமணக்கின் ஒவ்வாமைப் புரதம் சூட்டையும் தாங்கும்; அந்தத் தூசியால் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு வந்தது பழைய செய்தி. தோட்டத்தில் போட்ட ஆமணக்குப் புண்ணாக்கைத் தின்று நாய்கள் செத்திருக்கின்றன. குழந்தையும் நாய்க்குட்டியும் ஓடுகிற மாடிக்கு அது எதற்கு?

கடலைப் புண்ணாக்கே போடுவோம், எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை பூத்த புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் வளர்ந்த பூஞ்சை என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் அடையாளம் கண்டதே அப்படித்தான். அந்தப் பூஞ்சைத் தூளை மிக்ஸியில் போட்டு முகத்துக்கு நேரே திறப்பானேன்? கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் ஒரு ராத்திரியில் தானாகக் கரைந்துவிடும். தூசியும் இல்லை, ஜாரும் வேண்டாம். மாடி வாளிக்கு ஒரு மூடி மட்டும் வேண்டும், இல்லாவிட்டால் பெருச்சாளி குடும்பத்தோடு வரும்.

எனக்கு இப்போது இருக்கிற தலைவலி வேறு. நர்சரிகளில் "ஆல் இன் ஒன்", "ஆர்கானிக் மிக்ஸ்" என்று பளபளக்கிற பைகளில் கலவை உரம் விற்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் கடலை, பால், கோதுமை இருக்கிறதா என்று அச்சடிக்க வேண்டும் என்று உணவுச் சட்டம் சொல்கிறது. உரப் பையில் அப்படி ஒரு வரியை இதுவரை நான் பார்த்ததில்லை. தழை, மணி, சாம்பல் சத்து எத்தனை சதவீதம் என்று இருக்கும், எந்தப் புண்ணாக்கு என்று இருக்காது. அக்காவுக்காக ஒரு நர்சரியில் நின்று கேட்டேன். கடைப் பையன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சத்துதாங்க்கா, ஒண்ணும் ஆகாது" என்றான். கடலை இருக்கா இல்லையா என்று மறுபடியும் கேட்டேன். முதலாளிக்குப் போன் போட்டான். முதலாளி அதைத் தயாரித்தவருக்குப் போட வேண்டும் என்றார். நான் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு, வேப்பம் புண்ணாக்கை உதிரியாக ரெண்டு கிலோ நிறுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா வீட்டுக்குப் போகிற செடிகளுக்கு இனி அதுதான்.